ப்ராஸ்டேட் ஷியர் வேவ்: ஒரே இடத்தில் ஒருமுறை 28, மறுமுறை 52. எதை எழுதுவது?

மார்த்தாண்டம்_ரேடியோ
எண்டோகேவிட்டி ப்ரோப்பில் (மலக்குடல் வழியாக வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி) ஷியர் வேவ் (திசுவில் ஓடும் அலையின் வேகத்தை வைத்துக் கெட்டித்தனத்தை அளக்கும் முறை) உள்ள மெஷின் இப்போதுதான் வந்திருக்கிறது. கல்லீரல் எலாஸ்டோகிராஃபி (கெட்டித்தனம் அளக்கும் ஸ்கேன்) பழக்கம் உண்டு, ப்ராஸ்டேட் புதிது. வலது பெரிஃபெரல் ஸோனில் (சுரப்பியின் வெளிப்பகுதி) ஒரே புள்ளி ஒருமுறை 28 கிலோபாஸ்கல் (கெட்டித்தனத்தின் அலகு), மறுமுறை 52 காட்டுகிறது. பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 7.2. சாதாரணப் படத்தில் அந்த இடம் லேசாகக் கறுத்திருக்கிறது.

இன்னொரு குழப்பம். இங்கே நிறைய பேர் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்குத்தான் சிகிச்சைக்குப் போகிறார்கள். அங்கிருந்து கொண்டுவரும் பழைய படம் ஒன்றில் கெட்டியான இடம் நீலமாக இருக்கிறது, எங்கள் மெஷினில் சிவப்பு. 35-க்கு மேலே இருந்தால் புற்று என்றும், கீழே இருந்தால் பயாப்சி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம் என்றும் எழுதலாமா?

நாகர்கோவில்_சோனோ
முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள் டாக்டர். ப்ரோப்பை அழுத்தினாலே பெரிஃபெரல் ஸோன் கெட்டியாகிவிடும். அது மலக்குடல் சுவரை ஒட்டியே இருப்பதால் முதல் அடி அதற்குத்தான். நுனியில் படம் எடுக்கும் ப்ரோப்பை ஏபெக்ஸ் (சுரப்பியின் கீழ்நுனி) பார்க்க வளைக்கும்போது இன்னும் மோசம். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவப்பு எழும்பினால் அநேகமாக அது அழுத்தம்.

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்கள். ப்ரோப்பின் உறைக்கு உள்ளேயும் ஜெல் வேண்டும். ஒரு காற்றுக்குமிழி போதும், அதன் கீழே கலர் விழாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கனஅளவு கிடைக்கும், அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பிறகு குறுக்குவெட்டில், படம் கைவிட்டுப் போகப்போகும் நிலை வரை ப்ரோப்பைத் தளர்த்துங்கள். அதுதான் சரியான அழுத்தம். நோயாளி இடுப்பை இறுக்கினாலும் எண் ஏறும், அதனால் மூச்சைப் பிடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

கலர் பெட்டியில் முழுச் சுரப்பியும் அடங்காது. வலது பாதியை பேஸிலிருந்து (மேல்பகுதி) ஏபெக்ஸ் வரை முடித்துவிட்டு இடது பாதிக்கு வாருங்கள். கலர் ஸ்கேலின் உச்சம் 70 முதல் 90 கிலோபாஸ்கலுக்குள் இருக்கட்டும். கல்லீரல் ப்ரீசெட்டில் (மெஷினின் முன்னமைப்பு) விட்டுவிட்டால் சுரப்பி முழுக்க ஒரே நிறம்தான் தெரியும். நொடிக்கு ஏறக்குறைய ஒரு ஃப்ரேம்தான் வரும். ஒவ்வொரு தளத்திலும் கையை அசைக்காமல் 3, 4 நொடி நிறுத்துங்கள், முதலில் வரும் ஃப்ரேம்களைத் தள்ளிவிடுங்கள். நகர்த்திக்கொண்டே அளந்தால் 28-ம் வரும், 52-ம் வரும்.

சந்தேக இடத்தில் 2, 3 மில்லிமீட்டர் வட்டம் போட்டு, பக்கத்துச் சாதாரணத் திசுவிலும் ஒன்று போட்டு விகிதம் பாருங்கள். ப்ரோப்பைத் தளர்த்தி மறுபடி வைத்து, மூன்று முறை ஒத்துவந்தால் மட்டும் எழுதுங்கள். நெடுக்குவெட்டிலும் அது தெரிய வேண்டும்.

செங்கோட்டை_யூரோ
நிறத்துக்குப் பொது விதி கிடையாது. ஹிட்டாச்சி மெஷினின் ஸ்ட்ரெய்ன் (அழுத்தினால் திசு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்கும் முறை) படங்களில் நீலம் கெட்டி. எய்க்ஸ்ப்ளோரர் என்ற ஷியர் வேவ் மெஷினில் சிவப்பு கெட்டி. படத்தின் ஓரத்தில் உள்ள கலர் பட்டையைப் பார்க்காமல் பழைய படத்தை ஒப்பிடவே கூடாது. அந்த நீலப் படம் ஸ்ட்ரெய்ன் என்றால் அதில் கிலோபாஸ்கலே இருக்காது. அது சுற்றுத்திசுவோடு ஒப்பிட்ட கெட்டித்தனம் மட்டும்.

சில மெஷின் கிலோபாஸ்கலுக்குப் பதில் அலையின் வேகத்தை மீட்டர்/நொடியில் தரும். அந்த வேகத்தை இருமடி ஆக்கி மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல்: 3.4 மீட்டர்/நொடி என்றால் கிட்டத்தட்ட 35.

இப்போது அந்த 35. அது 2015-ல் ‘ரேடியாலஜி’ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வின் எல்லை. 184 ஆண்கள், சுரப்பியை ஆறு பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சென்சிட்டிவிட்டி (புற்று உள்ள பகுதியைச் சரியாகப் பிடிப்பது) 96 சதம், ஸ்பெசிஃபிசிட்டி (புற்று இல்லாததைச் சரியாக விடுவது) 85 சதம். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வில் 35-ஐத் தாண்டிய பகுதிகளில் புற்று உறுதியானது 48 சதம்தான், பாதிகூட இல்லை! 2012-ல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு 37 என்று வைத்தது. ஆகவே ‘35-க்கு மேல் புற்று’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தக் காகிதத்தை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள்.

கெட்டியாகக் காட்டும் மற்றவை: கால்சியம் படிவு, நாள்பட்ட ப்ராஸ்டேட் அழற்சி, நம் நாட்டில் மறக்கக்கூடாத காசநோய், பி.பி.எச். (புற்றல்லாத ப்ராஸ்டேட் வீக்கம்) கட்டிகள். பி.பி.எச். உள்ள டிரான்சிஷன் ஸோன் (சுரப்பியின் உள்பகுதி) 100-ஐத் தாண்டுவதும் உண்டு, அங்கே 35 என்ற எல்லைக்கு அர்த்தமே இல்லை. மறுபக்கம், சிறிய, குறைந்த கிரேடு (தீவிரம் குறைந்த) புற்று மென்மையாகவே தெரியும். அதனால் 28 வந்தாலும் பி.எஸ்.ஏ. 7.2-ஐ அது ரத்து செய்யாது.

அவர் ஃபினஸ்டரைடு அல்லது டூட்டஸ்டரைடு (ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரைகள்) சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் பி.எஸ்.ஏ. சுமார் பாதியாகக் குறைந்திருக்கும், 7.2 உண்மையில் 14 பக்கம். சமீபத்தில் பயாப்சி நடந்திருந்தால் ரத்தக்கசிவே படத்தைக் குழப்பும். குறைந்தது 6 வாரம் போகட்டும்.

மார்த்தாண்டம்_ரேடியோ
நன்றி சார். கல்லீரல் ப்ரீசெட்டில் இருந்ததை இப்போதுதான் கவனித்தேன். பெரிய சுரப்பிகளில் முன்பக்கம் கலரே விழவில்லை. அதை ‘மென்மை’ என்று எடுக்கலாமா?

நாகர்கோவில்_சோனோ
கூடவே கூடாது. 3, 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் அலை போய்ச் சேராது. நீர்க்கட்டிக்குள்ளும் ஷியர் வேவ் ஓடாது, அதுவும் காலியாகத்தான் தெரியும். ‘முன்பகுதி அளக்க முடியவில்லை’ என்று தனி வரியாக எழுதுங்கள்.

செங்கோட்டை_யூரோ
முன்பக்கத்துக்கு எம்.ஆர்.ஐ.தான். அதைப் பயாப்சிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் எங்களுக்குத் தேவை இவ்வளவுதான்: எந்தப் பக்கம், பேஸா நடுவா ஏபெக்ஸா, நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், அளவு, மூன்று எண்கள், விகிதம், மெஷின் பெயர், கலர் பட்டையோடு படம். ‘வலது நடுப்பகுதி, பெரிஃபெரல் ஸோன், 9 மி.மீ., கெட்டியான இடம், குறிவைத்த பயாப்சிக்கு ஏற்றது’ என்று இருந்தால், வழக்கமான 12 திசுத் துண்டோடு அங்கே இரண்டு மூன்று கூடுதலாக எடுத்துவிடுவோம். திருவனந்தபுரத்தில் எடுப்பவருக்கும் இதே வரி போதும், அங்கே மறுபடி தேட வேண்டியிருக்காது.