கேஷுவாலிட்டியில் பார்த்த பாம்புக்கடி: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

மழைக்கால டூட்டி:
கட்டுவிரியன். குலசேகரம் பக்கத்து ஆள், தரையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். விடியற்காலையில் வயிற்றுவலி, ஒருமுறை வாந்தி. முதலில் போன இடத்தில் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். கடித்த தடம் எங்கேயும் இல்லை. கட்டுவிரியனுக்குத் தடம் தேடிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார், உங்களுக்கே தெரியும். எங்களிடம் வந்தபோது "கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுது மக்களே" என்றார். மேலே பார்க்கச் சொன்னால் இமை பாதியில் நின்றது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னோம்: முதலில் 14 வரை, அப்புறம் 8 வரைதான்; மூச்சு தளர்கிறது. ஏ.எஸ்.வி. (பாம்பு விஷ முறிவு மருந்து) ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்கு ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தாயிற்று.

எனக்கு உறுத்துவது அது இல்லை. மறுநாள் கண்மணி இரண்டும் விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. கை, கால் எதிலும் அசைவில்லை. ரவுண்ட்ஸில் ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்றபடியே, "மூளை போயிடுச்சு, வீட்டுக்காரங்ககிட்ட பேசிருங்க" என்றார். மயக்க மருந்து அப்போது ஓடவில்லை. ட்யூப் எடுத்துக் குரல் திரும்பியதும் நோயாளி கேட்டது: "எனக்க மூளை போயிட்டுன்னு சொன்ன டாக்டர் இன்னைக்கு வரலியா?"

மூன்றாம் வருட நர்சிங்:
எங்களுக்குக் கண்ணாடிக் குழாய். ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். புல் அறுக்கப் போன அக்காவுக்குக் காலில் கடி. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை என்று பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் எடுத்து, நிமிடத்துக்கு ஒருவர் வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உறையவில்லை. விஷம் ஏறியிருக்கிறது என்று ஏ.எஸ்.வி. குப்பிகளை எடுத்து அடுக்கியாயிற்று.

அப்போது நைட் டூட்டிக்கு வந்த ஸ்டாஃப் அக்கா அந்தப் பிளாஸ்டிக் குழாயை அப்படியே தூர எறிந்தார். பிளாஸ்டிக்கிலும், ஆட்டினாலும் ரத்தம் ஒழுங்காக உறையாது. சோப்பு படாத புதுக் கண்ணாடிக் குழாய், 2 மில்லி ரத்தம். ஜன்னல் ஓரம் நிறுத்தி வைத்து, "தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்றார். டாக்டர்களும் தொடவில்லை! 20 நிமிடம் கழிந்து ஒரே ஒருமுறை சாய்த்தார். கட்டியாக ஒட்டி நின்றது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்த்தும் உறைந்தது. ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, ஏ.எஸ்.வி. இல்லாமலே அனுப்பினோம்.

ஆரல்வாய்மொழி காற்று:
முதல் பதிவுக்கு. ஏ.எஸ்.வி. 10 குப்பியோடு நிறுத்தியிருப்பீர்கள். 30 போட்டிருந்தால் வென்டிலேட்டரே தேவைப்பட்டிருக்காது. எங்கள் ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் சரியானது. அவருக்குக் கடித்தது நல்ல பாம்பு.

ரப்பர்காட்டு மருந்தாளி:
@ஆரல்வாய்மொழி காற்று, நல்ல பாம்பை வைத்துக் கட்டுவிரியனுக்குக் கணக்குப் போடாதீர்கள். நல்ல பாம்பின் விஷம் பெரும்பாலும் நரம்பின் செய்தியை வாங்கும் தசைப் பக்கத்து ஏற்பியை அடைக்கிறது. அதனால்தான் அட்ரோபினோடு நியோஸ்டிக்மின் போட்டால் இமை தூக்குகிறது. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடும். முனை திரும்ப வளரும்வரை 30 குப்பி என்ன, 50 ஊற்றினாலும் இமை எழாது. அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருப்பது வென்டிலேட்டர்தான்.

படிக்கிற பிள்ளைகள் இருப்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். கயிறு கட்டி வருகிறவர்களின் கட்டை வாசலிலேயே வெட்டாதீர்கள். கட்டுக்குக் கீழே நாடி பாருங்கள், வெயின் லைன் போடுங்கள், ஏ.எஸ்.வி., மூச்சுக்கான சாமான் எல்லாம் கைக்கு எட்டட்டும், பிறகு தளர்த்துங்கள். அடைபட்டிருந்த விஷம் ஒரேயடியாக உள்ளே இறங்கும். ஏ.எஸ்.வி. ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கத் தோலில் டெஸ்ட் டோஸ் போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் எதுவும் தெரியாது, நேரம்தான் போகும். அதற்குப் பதில் அட்ரினலினை முதலிலேயே சிரிஞ்சில் ஏற்றி வையுங்கள். ஏ.எஸ்.வி. ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, இளைப்பு, பிரஷர் இறக்கம் வந்தால் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு அட்ரினலின் எடைக்குத் தக்கபடி குறையும், ஏ.எஸ்.வி. குறையாது; பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. ரத்தம் உறையாதவருக்கு வலி ஊசி, டி.டி. (டெட்டனஸ் ஊசி) என்று தசையில் குத்தாதீர்கள்.

என் கதை சின்னது. பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ஹெட்லைட் கட்டி ரப்பர் பால் வெட்டப் போனவர், பாம்பையும் அடித்துப் பையில் கொண்டுவந்தார். எல்லாரும் சுருட்டை விரியன் என்றார்கள். மூக்கு நுனி மேலே தூக்கியிருந்தது. குழிவிரியன். நம் ஏ.எஸ்.வி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான். குப்பி குப்பியாகப் போயும் ரத்தம் உறையவில்லை. சிறுநீர் குறைந்து டயாலிசிஸ்வரை போனார். பிழைத்தார்.

குளச்சல் பிள்ளை:
எல்லாரும் மலைப் பக்கமே நிற்கிறீர்கள். வலையில் சிக்கியதைப் பிரித்தெடுக்கும்போது கடல் பாம்பு கடித்த அண்ணன், வலியே இல்லை என்று மீன் ஏலம் முடியும்வரை துறையிலேயே நின்றிருக்கிறார். எங்களிடம் வந்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தொடையைத் தொட்டாலே கத்தினார். சிறுநீர் கட்டன் சாயா நிறம். தசை அழிந்து சிறுநீரில் வருகிறது என்று எங்களுக்கு உறைக்கும் முன்பே, இ.சி.ஜி. எடுத்த அண்ணன் டி அலை கூராக நிற்பதைக் காட்டி, "பொட்டாசியம் ஏறுது, கால்சியம் எடுங்க" என்றார். கால்சியம் குளுக்கோனேட் போட்டு, டிரிப்பை ஓடவிட்டு, டயாலிசிஸ் இருக்கும் இடத்துக்கு ஏற்றிவிட்டோம். @ரப்பர்காட்டு மருந்தாளி, நீங்கள் சொன்ன நாலில் இதுவும் இல்லை. ஆனாலும் கூட வந்தவர்கள் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, "விஷ ஊசி ஏன் போடலை?" என்று சண்டை போட்டார்கள். கரைப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் இதை எப்படிப் புரியவைக்கிறீர்கள்?