ரோமில் ஓய்வாக ஒரு நாள்: தேவாலயங்களுக்குக் கொடுக்கலாமா?

நடைபயணி:
ரோமில் அவசரமில்லாத ஒரு நாள் கிடைத்தால் அதைப் பழைய தேவாலயங்களுக்குக் கொடுங்கள். சான் லூயிஜி தேவாலயத்தில், இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில், புனித மத்தேயுவைப் பற்றி இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை.

வைகைக்கரை:
எனக்கு உடன்பாடில்லை நண்பரே. நாலாவது தேவாலயத்துக்குள் நுழையும்போதே எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அதே பளிங்கு, அதே தங்கப்பூச்சு. முதல்முறை போகிறவர் கொலோசியத்தையும், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தையும் நிதானமாகப் பார்க்கட்டும். அதோடு பல தேவாலயங்களை மதியம் இரண்டு மூன்று மணி நேரம் பூட்டிவிடுவார்கள்.

நடைபயணி:
மதியம் பூட்டினால் சாப்பிடப் போகலாம், ஓய்வு நாள்தானே. பழைய ரோம்தான் வேண்டுமா? சான் கிளெமென்தேவுக்குப் போங்கள். மேலே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்குக் கீழே 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே, பழைய ரோமானியர் கும்பிட்ட மித்ரா என்ற கடவுளின் வழிபாட்டுக் கூடம். 1857இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி முல்லூலி தோண்டத் தொடங்கிய பிறகுதான் அடியில் இருந்தவை வெளிப்பட்டன. கீழே இறங்கினால் நிலத்தடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். சான்த் இக்னாத்ஸியோ தேவாலயத்தில் குவிமாடமே கிடையாது. 1685இல் ஓவியர் பொத்ஸோ துணியில் வரைந்ததுதான் குவிமாடமாகத் தெரிகிறது. இவை இரண்டும் ஒன்றுபோலவா இருக்கின்றன?

முத்துநகர்க்காரி:
இவை பூசை நடக்கும் கோவில்கள் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். ஏசு ஆலயத்தில் புனித சவேரியாரின் வலக்கை இருக்கிறது, 1614இல் கோவாவிலிருந்து கொண்டுபோனது. 1542 முதல் முத்துக்குளித்துறையில் எங்கள் முன்னோர் பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது. அங்கே முழங்காலில் இருப்பவர் தலைக்கு மேல் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தால் எங்களுக்கு வலிக்கும். ஒரு நாளில் ஏழெட்டு தேவாலயம் என்று கணக்குப் போட்டுச் சுற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

வைகைக்கரை:
அக்கா சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு. நம்பிக்கை இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அருங்காட்சியகம்தான் சரியான இடம், யாருடைய செபத்துக்கும் இடைஞ்சல் இல்லை. சான் கிளெமென்தே மட்டும் சரி. கொலோசியத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

நடைபயணி:
படம் எடுப்பது பற்றி அக்கா சொல்வது முழுக்க நியாயம். பூசை நேரத்தில் நுழையவே கூடாது. ஆனால் கரவாஜ்ஜோவை அருங்காட்சியகத்தில் பார்த்தால் போதும் என்பதை ஏற்க முடியாது. சான் லூயிஜியில், மத்தேயுவை இயேசு அழைக்கும் ஓவியத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும், பீடத்துக்கு மேலே, அதே பக்கம்தான் இருக்கிறது. அந்தச் சுவருக்கென்றே வரைந்த ஓவியம் அது. அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.