ஆண் மலடா, தாதிலியா?

அண்ணாச்சி, பூவில் மகரந்தம் சரியாக வராத செடியின் குணத்துக்குப் பாடநூலில் 'ஆண் மலட்டுத்தன்மை' என்று இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அந்த எண்ணம்தான், பாவூர்சத்திரத்தில் விதைக்கடை வைத்திருக்கும் கூட்டாளியிடம் வீரிய ஒட்டு மிளகாய் பற்றி எழுதிய தாளைக் காட்டும் வரை. "மலட்டு வெதன்னு போட்டா எந்தச் சம்சாரி வே வாங்குவான்?" என்றார். தப்பு என் மேல்தான். அந்தச் செடி மலடே இல்லை. சூலகம் நன்றாக இருக்கிறது, வேறு செடியின் மகரந்தம் பட்டால் காய் நிறைய விதை பிடிக்கும். அதனால்தானே ஒட்டு விதை எடுக்க அதைத் தாயாக வைக்கிறார்கள், இல்லாவிட்டால் மொட்டு மொட்டாக இடுக்கி வைத்து மகரந்தப்பையைக் கிள்ள வேண்டும்.

போன மாதம் ஆலங்குளம் பக்கம் ஒரு நிழல்வலையில் பார்த்தேன். சாதாரண மிளகாய்ப் பூவில் பை நீலம் பாய்ந்து புடைத்திருக்கும், வெடித்ததும் நகத்தில் தேய்த்தால் பொடி ஒட்டும். இதில் சூம்பிப் போய், எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் வரவில்லை. அங்கே வேலை பார்த்த அக்கா அதைப் 'பொடியில்லாப் பூ' என்றார். அதைக் கொஞ்சம் இறுக்கினால் 'தாதிலி', பண்புக்குத் 'தாதின்மை'. மகரந்தத்துக்குப் பூந்தாது பழைய சொல், ஏதிலி மாதிரி 'இலி' ஒட்டிக்கொள்ளும். (தாது என்றதும் லேகிய விளம்பரம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

சைட்டோபிளாச (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) வகைக்குத் 'தாய்வழித் தாதின்மை' போதும். கோளாறு அங்கே செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, அது தாய் வழியாகவே வரும். கலிபோர்னியாவில் 1925இல் பயிர் ஆய்வாளர் ஹென்றி ஜோன்ஸ் கண்ட வெங்காயச் செடி இந்த வகைதான். விதை பிடிக்காத அதன் பூந்தலையில் வந்த குட்டிக் குமிழ்களை நட்டுத்தான் வம்சத்தைக் காப்பாற்றினார். அதே உட்கரு, ஆனால் நல்ல சைட்டோபிளாசம் உள்ள துணைச்செடியோடு சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் தாதிலிகளாகவே வரும், ஆக அந்தத் துணை 'காப்பு வழி'. உட்கருவில் மட்டும் ஒடுங்கு மரபணுவாக (தாய், தந்தை இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும்) இருக்கும் வகையில் இந்த வசதி கிடையாது. பாதிக்குப் பாதிதான் வரும், பூக்கும்போது வயலில் இறங்கிப் பொடியுள்ளதைப் பிடுங்கி எறிய வேண்டும்.

ஒரு இடத்தில் என் சொல் உதைக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். தக்காளியில் ஒரு வகைக்குத் தாது நன்றாகவே உண்டு, பைதான் திறக்காது. அதைத் தாதிலி என்றால் பொய். 'தாதடைப்பு' என்று தனியாக வைக்கலாம்.

அப்புறம், வெங்காயத்தில் நமக்கு வேண்டியது குமிழ், ஒட்டுச்செடியில் தாது இல்லாவிட்டாலும் கவலையில்லை. மிளகாயில் காய் வேண்டுமே, அதனால் தாதைத் திரும்ப வரவைக்கும் மரபணு உள்ள தந்தைச்செடி தேவை. அதற்கு நீங்கள் சொன்ன 'மீட்பு வழி' பொருளில் சரி, ஆனால் பாளையங்கோட்டையில் அந்தத் தலைப்போடு தாள் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எத்தனை மணி என்று கேட்பார்கள். 'தாதூட்டி' எப்படி?