புதுப்பிப்பு: பணம் தராமல் ஓடும் வண்டியை மறிப்பது பற்றி

பெட்ரோல் நிரப்பிவிட்டுப் பணம் தராமல் ஓடும் வண்டியை ஊழியர் மறிக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 2005 மார்ச்சில், மேப்பிள் ரிட்ஜ் என்ற ஊரில், ஏறத்தாழ 12 டாலர் பெட்ரோலுக்காக, இரவில் தனியாகப் பணியிலிருந்த கிராண்ட் என்ற 24 வயது ஊழியர் தப்பியோடிய காரைத் தடுக்க முயன்று, அதன் அடியில் சிக்கிப் பல கிலோமீட்டர் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். அவருடைய பெற்றோர் விடாது போராடியதன் பயனாக வந்த ‘கிராண்ட் சட்டம்’ 2008 முதல் அங்கே முன்கூட்டியே பணம் செலுத்துவதைக் கட்டாயமாக்கியது. ஆல்பர்ட்டா மாகாணம் 2018 ஜூனில்தான் அதைப் பின்பற்றியது. கேமரா போதுமே என்பவர்களுக்கு: அந்தக் கார் திருடப்பட்டது, எனவே எண்பலகை யாரையும் காட்டிக்கொடுத்திருக்காது. இழந்த தொகையை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கவும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சட்டம் இடமளிப்பதில்லை.