பொருள்: பென்னேஷன் ஆங்கிள் – தமிழில் என்ன?

பிசியோதெரபி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். மீயொலிப் (அல்ட்ராசவுண்ட்) படத்தை வைத்துத் தொடைத்தசையின் வலிமையை மதிப்பிடும் ஆய்வு ஒன்றுக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். தசைத் தடிப்பு, குறுக்குவெட்டுப் பரப்பு எல்லாம் முடிந்தது. பென்னேஷன் ஆங்கிளில் நிற்கிறேன். தசைக் கற்றைகள், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணின் இழுவிசைத் திசைக்குச் சாய்ந்திருக்கும் கோணம் அது. சாய்வு கூடினால் அதே பருமனுக்குள் அதிக இழைகள் அடங்கும். ஆனால் ஒவ்வோர் இழையின் இழுப்பிலும் கோசைன் பங்குதான் நாணுக்குப் போய்ச் சேரும். 30 பாகை என்றால் ஏறத்தாழ 87 விழுக்காடு. தடிப்பு மட்டும் போதாது என்றுதான் இதையும் அளக்கிறோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, இலத்தீனில் பென்னா என்றால் இறகு. நம்மிடம் தூவி, பீலி, தோகை என்று குவிந்து கிடக்கின்றன. தூவி அன்னத்துக்குரிய மென்மை, தசைக்கு ஆகாது. பீலியே பொருந்தும். குறள் 475-இல் வண்டியின் அச்சை முறிப்பது பீலிதான். அந்த அதிகாரத்தின் பெயரே வலியறிதல்! தலைப்பு 'தசை வலியறிதல்', கோணம் 'பீலிக்கோணம்'. வேலை முடிந்தது.

ஆசிரியை:
ஐயா, எங்கள் புறநோயாளிப் பிரிவில் 'தசை வலி' என்றால் மாத்திரை கேட்பார்கள்.

யாழ்ப்பாண மருத்துவர்:
எங்கள் பாடநூல்களில் மீயொலி இல்லை, கழியொலி. அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு. இறகை விட்டுத் தென்னோலையைப் பாருங்கள். நடுமட்டையிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் கீற்றுகள். தொடையின் முன்பக்கத்து ரெக்டஸ் பெமோரிஸ் தசை அப்படியேதான் இருக்கிறது. 'கீற்றுக் கோணம்' என்றால் ஊரில் எவருக்கும் விளங்கும்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
ஒளிக்கீற்றும் கீற்றுதானே? திரையில் கற்றைகளுக்கு இடையிலுள்ள இணைப்புத்திசு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். எந்தக் கீற்று என்று மாணவர் கேட்பார்.

யாழ்ப்பாண மருத்துவர்:
கேட்கட்டும். அந்த வெள்ளைக் கீற்று ஆழத்துச் சவ்வைத் தொடும் கோணத்தைத்தானே அளக்கிறோம்? இரண்டு கீற்றும் ஒன்றுதான்.

தமிழாசிரியர்:
மசில் என்ற சொல்லே இலத்தீனில் சுண்டெலி. தோலுக்கடியில் அவர்கள் எலி ஓடக் கண்டார்கள்; நாம் மீன் துள்ளக் கண்டு கெண்டைக்கால் என்றோம். கிரேக்கரோ அதே இடத்தில் வயிற்றைக் கண்டார்கள். மீன் என்று வந்துவிட்டால் செதிலும் சரிவாக அடுக்கியதுதான், 'செதிற்கோணம்' ஆகாதா?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இன்று வியாழன்.

ஆசிரியை:
'கற்றைச் சாய்வுக் கோணம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். இருவர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதில் எழுதவில்லை. நோயாளிகள் படிக்கும் பக்கத்தில் கோணம் என்ற சொல்லே கிடையாது. "உங்கள் தசை இழைகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று பார்ப்போம்" என்றிருக்கிறது. அடுத்து எக்கோ இன்டென்சிட்டி. தசையில் கொழுப்பும் நார்த்திசுவும் ஏறினால் படம் வெளுக்குமே, அந்த வெளுப்பின் அளவு. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர்:
சாய்வு என்பது விளக்கம், பெயர் அல்ல. கூரைக்கும் சாய்வு உண்டு. இந்த மடலைக்கூடச் சாய்வு நாற்காலியிலிருந்துதான் எழுதுகிறேன். என் சொற்பட்டியலில் பீலிக்கோணம் அப்படியே இருக்கும்.