கோலத் தளம்: லேப்டாப்பில் ஓடுகிறது, கிட்ஹப் பேஜஸில் பாதிப் படம் வரவில்லை

விஸ்காம்_மாணவி:
மயிலாப்பூர் மாட வீதிகள், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் பக்கம் மார்கழிக் காலைகளில் எடுத்த கோலப் படங்களை வைத்து ஒரு தளம் செய்கிறேன். படத்தைத் தொட்டால் முதலில் புள்ளிகள் வரும், அப்புறம் சிக்குக் கோலத்தின் கோடு தானாக வளைந்து ஓடி முடியும். எந்த இடத்துக் கோலம் என்று வரைபடமும் உண்டு. என் விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாம் சரி. இலவசமாகத் தளம் வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் பாதிப் படங்களுக்கு 404 (கோப்பு இல்லை) என்று வருகிறது, வருகிற படங்களும் போனில் ரொம்ப மெதுவு. காசு கொடுத்து ஹோஸ்டிங் வாங்க வழியில்லை. கோலம் போட்ட அம்மாக்களுக்குப் பொங்கலன்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். உதவுங்கள்.

தரமணி_டெவ்:
கோப்புப் பெயர்களைப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, கிட்ஹப் விடாது. கேமராப் படங்களின் பெயர் பெரிய எழுத்தில் முடியும், நீங்கள் எழுதிய நிரலில் சின்ன எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். ஃபோல்டரில் போய் மாற்றினால், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் கவனிக்காமல் விட்டுவிடலாம், 'கிட் எம்வி' கட்டளையால் மாற்றுங்கள். அடுத்தது, படத்தின் முகவரி சாய்கோட்டில் தொடங்குகிறதா? உங்கள் தளம் ரெப்போ (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் தொகுப்பு) பெயருக்குக் கீழே இருக்கிறது. அந்தச் சாய்கோடு அதைத் தாண்டி மேலே போய்த் தேடும். எடுத்துவிடுங்கள்.

விஸ்காம்_மாணவி:
அண்ணா, இரண்டுமே இருந்தது! இப்போது எல்லாப் படமும் வருகிறது. மிக்க நன்றி. வேகம்தான் பாக்கி.

மாம்பலம்_அக்கா:
போன் படம் ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி வடிவத்தில் சேமியுங்கள். ஸ்குவூஷ் தளத்தில் இலவசமாகவே செய்யலாம். கீழே இருக்கும் படங்களுக்கு 'லேசி லோடிங்' போடுங்கள், திரைக்கு அருகே வரும்போது இறங்கினால் போதும். கோடு ஓடுவதற்கு வீடியோ வைத்திருந்தால் எஸ்விஜிக்கு (படத்தைக் கோடுகளாகவே வரையும் வடிவம்) மாறுங்கள். சிக்குக் கோலம் வளைந்து ஓடும் கோடாகவே இருப்பதால் அதற்கு அழகாகப் பொருந்தும், எடையும் குறைவு.

இதைவிட முக்கியமான ஒன்று. போனில் லொகேஷன் ஆன் செய்து எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். இவை எல்லாம் வீட்டு வாசல்கள். படத்தை இறக்கும் யாரும் அந்த வாசலுக்கே போய் நிற்கலாம். அந்தத் தகவலை நீக்காமல் தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

விஸ்காம்_மாணவி:
அக்கா, இதை நினைக்கவே இல்லை. பழைய படங்களை நீக்கிவிட்டுச் சின்னப் படங்களை ஏற்றினால் போதுமா?

தரமணி_டெவ்:
போதாது. ரெப்போ பொதுவில் இருந்தால் நீக்கிய படமும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) அப்படியே கிடைக்கும். சுத்தம் செய்த படங்களோடு புது ரெப்போ தொடங்கி, பழையதை அழித்துவிடுங்கள். பேஜஸ் தளத்துக்கு ஒரு ஜிபி வரம்பும் இருக்கிறது, அந்த வகையிலும் நல்லது.

மாம்பலம்_அக்கா:
வரைபடத்திலும் புள்ளியைத் தெருவின் நடுவில் வையுங்கள், வீட்டின் மேல் வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தைப் பயன்படுத்தினால் அவர்கள் பெயர் வரைபடத்தின் ஓரத்தில் தெரிய வேண்டும். கோலம் போட்டவர் பெயரையும் கேட்டுச் சம்மதித்தால் போடுங்கள். அவர்களுடைய கை அது.

விஸ்காம்_மாணவி:
நாளைக் காலை மாட வீதியில் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறேன் அக்கா. புது ரெப்போ தயாரானதும் இணைப்பு தருகிறேன்.

தரமணி_டெவ்:
தாருங்கள். என்னிடம் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, அதில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.