சிலுவார் (கால்சட்டை) பாக்கெட்டில் ஓட்டை: ஒட்டுப் போட்டும் நிற்கவில்லை, உதவி தேவை

பிறை மோட்டார்க்காரன்:
வணக்கம். பிறையிலிருந்து தினமும் பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறேன். மூன்று சிலுவாரிலும் வலது பாக்கெட் மட்டும் அடிமூலையில் ஓட்டை. சாவிக்கொத்து அந்தப் பக்கம்தான் கிடக்கும். போன வாரம் கோப்பிக் கடையில் சில்லறை எடுக்கப் போனால், 50 சென் தொடை வழியாக உருண்டு சப்பாத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கடைக்காரர் முன்னால் சப்பாத்தைக் கழற்றி எடுத்தேன்.

இஸ்திரி வைத்தால் ஒட்டும் துணி வாங்கி ஒட்டினேன். டோபி கடை டிரையரில் இரண்டு தடவை போட்டதும் ஓரம் உரிந்து வந்துவிட்டது. தையல்காரரோ புதுசு வாங்கிக்கொள் என்கிறார். மற்றபடி சிலுவார் நன்றாகவே இருக்கிறது. வீட்டில் அம்மாவின் தையல் மிஷின் உண்டு.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அவசரத்துக்கு ஓட்டைக்கு ஒரு இன்ச் மேலே குறுக்காக ஒரு தையல் போடுங்கள் தம்பி. பாக்கெட் ஆழம் குறையும், அவ்வளவுதான். ஆனால் மோட்டாரில் உட்காரும்போது கைப்பேசி எட்டிப் பார்க்கும், கவனம்.

பழைய தையல்காரன்:
தம்பி, ஓட்டை ஒரு காசு அளவுதான் தெரியும். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் துணி ஏற்கெனவே செத்திருக்கும். மோட்டாரில் கால் மடங்கும்போது பாக்கெட் தொடையோடு இறுகி, சாவி முனை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும். செத்த துணியில் ஒட்டினால் ஒட்டுக்கு ஓரத்திலேயே மறுபடி கிழியும். சிலுவாரை உள்புறம் திருப்பி, பாக்கெட்டுக்குள் கையை விட்டு விளக்குக்கு நேரே பிடியுங்கள். விரல் நிழல் பளிச்சென்று தெரியும் இடமெல்லாம் போக வேண்டியது. துணி கெட்டியாக இருக்கும் இடத்தில் நேராக வெட்டிவிட்டு, கீழே புதுப் பை வைத்துத் தைக்க வேண்டும். பக்கத் தையலோடு பாக்கெட் பிடித்திருக்கும் இடத்துக்குக் கீழேயே வெட்டுங்கள், அதில் கை வைத்தால் வேலை இழுத்துவிடும்.

லெபோ பாசார் பக்கம் துணிக்கடைகளில் பாக்கெட் துணி என்று கேளுங்கள். பாலியெஸ்டர் கலந்த பருத்தி போதும். பழைய கைலித் துணி வேண்டாம், அது உங்கள் பாக்கெட்டைவிட முன்னாலேயே தேய்ந்தது. வெட்டுமுன் ஒரு தடவை துவைத்துக் காய வையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும்.

பாக்கெட் அகலத்தைவிட ஒரு இன்ச் கூட. நீளம், வெட்டியெடுத்த ஆழத்தைப் போல இரண்டு மடங்கும் ஒரு இன்ச்சும். இரண்டாக மடித்தால் மடிப்பு அடியில் வரும், அடித்தையலே தேவையில்லை. கை படும் பக்கம் வெளியே இருக்க, இரண்டு ஓரத்தையும் கால் இன்ச்சுக்குள் தைத்து, பிசிறை ஒட்ட வெட்டி, பையைத் திருப்பி மறுபடி தையுங்கள். பிசிறு உள்ளே அடங்கிவிடும். மிஷின் ஊசி 14 நம்பர்.

பிறை மோட்டார்க்காரன்:
ஐயா, பையைத் தைத்து பாக்கெட்டோடு சேர்த்துவிட்டேன். ஆனால் தையல் மேடெல்லாம் உள்பக்கம் வந்து, சாவி அதில் மாட்டுகிறது. இணைப்பிலும் வட்டமாக ஓட்ட முடியாமல் மிஷின் துணியைச் சுருக்கிவிட்டது.

பழைய தையல்காரன்:
சேர்க்கும்போது பையைத் திருப்ப மறந்திருப்பீர்கள். பிரித்துவிடுங்கள். கை படும் பக்கம் வெளியே வரும்படி பையைத் திருப்பி, வெட்டிய பாக்கெட்டுக்குள் கீழிருந்து தலைகீழாக நுழையுங்கள். இரண்டு வாயும் ஒரே விளிம்பில் நிற்க வேண்டும். அரை இன்ச் விட்டுச் சுற்றித் தைத்துவிட்டு, காலுறையை இழுப்பது போலப் பையைக் கீழே இழுத்தால் மேடு தொடைப் பக்கம் போய்விடும். அந்தச் சுற்றுக்கு மிஷின் வேண்டாம். இரட்டை நூலில், ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பாதி பின்னால் கொண்டுவந்து கையாலேயே போடுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
கடைசியில் அந்த விளிம்பை மடித்து அடக்கித் தையுங்கள். இல்லையென்றால் துவைக்கத் துவைக்க நூல் பிரியும். என் வீட்டுக்காரருக்கு அப்படியே விட்டு, மூன்றாம் மாதம் மறுபடி ஊசியை எடுத்தேன்.

பிறை மோட்டார்க்காரன்:
ஒரு சிலுவார் முடிந்தது. இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் பதினொன்றுக்குத்தான் எழுந்தேன், அதில் அரை மணி நேரம் ஊசியில் நூல் கோர்க்கவே போனது. பை ஒரு பக்கம் கோணல். வெளியே தெரியாது, சரி. இன்று வேலைக்குப் போய் வந்தேன், சில்லறை எதுவும் சப்பாத்துக்குப் போகவில்லை. மற்ற இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு. சாவிக்கொத்தை இடுப்பு வார் வளையத்தில் மாட்டிக்கொண்டேன், அம்மாவின் உத்தரவு.